எண்ணூர்ல இன்னொரு புகைபோக்கி வேணாம்: எரிசக்தித் துறைக்கு ஒரு திறந்த மடல்

எரிசக்தித் துறை அதிகாரிங்களுக்கும், புதுசா அனல் மின் நிலையம் வரலாமா வேணாமான்னு முடிவு பண்ற எடத்துல இருக்கற எல்லாருக்கும் வணக்கம்.

நான் எண்ணூர்ல பொறந்து வளந்து இங்கயே குடும்பம் நடத்தறவ. அப்பா, சித்தப்பா, தாய்மாமா எல்லாருமே கொசஸ்தலை ஆத்துலயும் முகத்துவாரத்துலயும் தொழில் பண்ணவங்க, மாமா இன்னும் போய்ட்டுதான் இருக்காரு. நான் சென்னை பாரிஸ் கார்னர்ல ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன், வரவு செலவு எழுதறதுதான் என் பொழப்பு, அதனால இந்த மடல்லயும் கணக்குதான் நெறய கேக்கப் போறேன்.

சொல்ல வந்தத முதல்லயே சொல்லிடறேன். எண்ணூர்ல இன்னும் ஒரே ஒரு நிலக்கரி யூனிட் கூட, அதாவது கரி எரிச்சு கரண்ட்டு எடுக்கற ஒரு பாய்லர் செட்டு கூட, வரக்கூடாது. ஏற்கனவே ஆத்துலயும் உப்பங்கழிலயும் கெடக்கற சாம்பல அள்ளி முடிக்காம புது யூனிட்ட பத்தி பேச்சே எடுக்கக்கூடாது. நிலக்கரி கரண்ட்டு மலிவுன்னு நீங்க சொல்றீங்களே, அந்த மலிவு எப்படி வந்துச்சுன்னா எங்க ஆறு, எங்க மூச்சு, எங்க தொழில் இது மூணும் உங்க செலவுக் கணக்குல எந்தப் பக்கத்துலயும் ஏறல, அதனால வந்துச்சு.

இங்க ஏற்கனவே என்னென்ன இருக்குன்னு ஒரு தடவ சேத்து வச்சு பாருங்க, ஏன்னா ஒவ்வொரு திட்டத்துக்கும் அனுமதி கேக்கறப்ப அந்த ஒண்ண மட்டும் தனியா எடுத்து வச்சுதான் பேசறாங்க. 1970ல எண்ணூர் அனல் மின் நிலையம் வந்துச்சு, 450 மெகாவாட், 2017ல மூடினாங்க. 1990கள்ல அத்திப்பட்டு பக்கம் வடசென்னை அனல் மின் நிலையம் வந்துச்சு, 210 மெகாவாட்ல மூணு யூனிட். அப்புறம் அங்கயே 600 மெகாவாட்ல ரெண்டு. வல்லூர்ல 500 மெகாவாட்ல மூணு. 2024 மார்ச்ல வடசென்னை மூணாம் நிலைன்னு 800 மெகாவாட் ஒண்ணு. மூடினத விட்டுட்டு கூட்டினா 4,130 மெகாவாட். இது போக எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டலம்னு 660 மெகாவாட்ல ரெண்டு யூனிட் திட்டம் இருக்கு. அதுவும் பத்தாதுன்னு, பழைய எண்ணூர் நிலையத்து வளாகத்துலயே இன்னொரு 660 மெகாவாட் வேணும்னு 2024 டிசம்பர்ல எர்ணாவூர்ல கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்துச்சு. வந்து பேசின ஜனங்க வேணாம்னுதான் பேசினாங்க. மூடின நிலையத்த பாத்து இனிமேயாவது கொஞ்சம் மூச்சு விடலாம்னு இருந்த ஜனங்க அவங்க.

பக்கத்துலயே காமராஜர் துறைமுகம், மணலில ரிஃபைனரி, உர ஆலை, பெட்ரோகெமிக்கல் கம்பெனிங்க. 2009ல மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டுலயே ரொம்ப மோசமா மாசடஞ்ச 43 தொழிற்பகுதிங்கன்னு ஒரு பட்டியல் போட்டப்ப அதுல மணலியும் இருந்துச்சு. அதுக்கு அப்புறம் வந்த மெகாவாட்டுதான் இங்க அதிகம், அதையும் சேத்து யோசிங்க.

இன்னொரு விஷயமும் ஞாபகப்படுத்தணும். ராயபுரம் பக்கமெல்லாம் சென்னை துறைமுகத்து நிலக்கரி தூசியால ஜனங்க கஷ்டப்பட்டாங்க, கேஸ் நடந்துச்சு, ஹைகோர்ட் உத்தரவால 2011ல அங்க நிலக்கரி எறக்கறது நின்னு எண்ணூருக்கு வந்துச்சு. ராயபுரத்து ஜனங்க நல்லா இருக்கட்டும், அவங்களும் எங்க சொந்தக்காரங்கதான், எங்க பொண்ணுங்கள கட்டிக் குடுத்த ஊரு. ஆனா அந்த தூசி இல்லாம போகல, வடக்க தள்ளி வந்துச்சு, அவ்ளோதான். ஊருக்கு ஒதுக்குப்புறம்னு மேப்புல பாக்கறவங்களுக்கு தோணும், அந்த ஒதுக்குப்புறத்துல குப்பம் குப்பமா நாங்க இருக்கோம்.

இப்ப கணக்குக்கு வரேன். நம்மூர் நிலக்கரில ஒரு யூனிட் கரண்ட்டு எடுக்கணும்னா சுமார் 700 கிராம் கரி எரிக்கணும். நம்ம நாட்டு நிலக்கரில சாம்பல் ரொம்ப அதிகம், நூத்துக்கு முப்பதுல இருந்து நாப்பது பங்கு வரைக்கும் சாம்பல்தான். அப்ப ஒரு யூனிட்டுக்கு கிட்டத்தட்ட 200 கிராமுக்கு மேல சாம்பல் மிஞ்சும், ஒரு கிலோவுக்கு கொஞ்சம் முன்ன பின்ன கார்பன் டை ஆக்சைடு வானத்துக்கு போவும். நம்ம வீடுகளுக்கு ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் ஃப்ரீயா வருதுல்ல, நானும் வாங்கறேன், அது மொத்தமும் நிலக்கரில வந்ததுன்னு வச்சுக்கிட்டா 70 கிலோ கரி, 20 கிலோவுக்கு மேல சாம்பல். கிட்டத்தட்ட ஒரு 25 கிலோ அரிசி மூட்டை அளவுக்கு சாம்பல், ஒரு வீட்டுக்கு, ரெண்டு மாசத்துக்கு. அந்த மூட்டைய எந்த வீட்டு வாசல்லயும் யாரும் கொண்டாந்து எறக்கறது கெடையாது. அது இங்க எறங்குது.

மேல சொன்ன 4,130 மெகாவாட்டும் ஒரு நாள் முழுக்க ஃபுல் லோடுல ஓடினா 9 கோடியே 90 லட்சம் யூனிட் வரும். அதுக்கு 69,000 டன் கரி. 30 பங்குன்னு கொறைச்சலா போட்டாலும் சாம்பல் 20,000 டன். எல்லா நாளும் ஃபுல்லா ஓடாது, வெளிநாட்டு கரி கலந்தா சாம்பல் கொறையும், புது யூனிட் கொஞ்சம் கம்மியா எரிக்கும், எல்லாம் சரி, பாதின்னே வைங்க. ஒரு நாளைக்கு 10,000 டன். 20 டன் லாரின்னா 500 லாரி. தெனமும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் லீவு கெடையாது. இதுல எவ்வளவு சிமெண்ட் கம்பெனிக்கு போச்சு, எவ்வளவு செங்கல்லுக்கு போச்சு, எவ்வளவு சாம்பல் ஏரில கெடக்கு, எவ்வளவு ஆத்துல போச்சுன்னு ஊர் ஜனம் பாக்கற மாதிரி ஒரு போர்டு இங்க எங்கயாவது இருக்கா? நான் பாத்ததில்ல.

சாம்பல் எப்படி ஆத்துக்கு வருதுன்னு வெளியூர்ல இருந்து படிக்கறவங்களுக்காக சொல்றேன். பாய்லர் அடில விழற கனமான சாம்பல் கொஞ்சம், அஞ்சுல ஒரு பங்கு. மீதி நாலு பங்கு மாவு மாதிரி நைஸா புகையோட மேல போறது, பறக்கும் சாம்பல். அத புகைபோக்கிக்கு முன்னாடியே ஈஎஸ்பின்னு ஒரு கருவி கரண்ட்டு வச்சு இழுத்து புடிச்சுக்கும், நல்லா ஓடினா நூத்துக்கு 99 பங்குக்கு மேல புடிச்சிடும். அதுல ஒரு பகுதி ரிப்பேர்னா, இல்ல யூனிட் நின்னு திரும்ப ஸ்டார்ட் ஆனா, அன்னிக்கு நாங்க துணி காயப்போட முடியாது, அவ்ளோதான் எங்களுக்கு தெரியும். புடிச்ச சாம்பல்ல லாரில போறது போக மிச்சத்த தண்ணில கலந்து கூழாக்கி பைப்ல பல கிலோமீட்டர் தள்ளி சாம்பல் ஏரிக்கு அனுப்புவாங்க. அந்த பைப்புங்க ஆத்த ஒட்டியும் ஆத்துக்கு மேலயும் போவுது. பைப் பழசு, உள்ள போறது அரம் மாதிரி தேய்க்கற சாம்பல், அது ஓட்டையாகாம என்ன பண்ணும். ஓட்டையான எடத்துல இருந்து சாம்பக்கூழ் நேரா ஆத்துல கொட்டும். வருஷக்கணக்கா கொட்டுச்சு.

போன வருஷம் மாமாவோட படகுல போனேன். எங்க ஆத்துல எறா புடிக்கறதுல ஒரு வகை கையால புடிக்கறது, வலையே கெடையாது. இடுப்பளவு தண்ணில, சில எடத்துல கழுத்தளவு தண்ணில குனிஞ்சு, பறிய பல்லுல கடிச்சுக்கிட்டு ரெண்டு கையாலயும் அடிமண்ண தடவிக்கிட்டே போவாங்க, விரல்ல எறா தட்டுப்படும், அமுக்கி எடுத்து பறில போடுவாங்க. இருளர் அக்காங்க இதுல கெட்டிக்காரங்க, அவங்க கை மண்ணுக்குள்ள போறதும் வர்றதும் கண்ணால பாத்தா நம்ப முடியாது, அவ்வளவு வேகம். மாமா ஒரு எடத்துல எறங்கி என் கைய புடிச்சு அடில வச்சு அமுக்கினாரு. மேல ரெண்டு விரல் கடைக்கு வழவழன்னு ஒரு கூழு, அதுக்கு கீழ கெட்டியா ஒரு தட்டு, சிமெண்ட் பூசின தரை மாதிரி, நகம் எறங்கல. "இதுக்குள்ள எறா எப்டிமா பூந்து படுக்கும், அதுக்கு சேறு வோணும்ல"ன்னாரு. கைய வெளிய எடுத்தா சாம்பல் நிறம், கழுவினாலும் ரேகைல நிக்குது. வீட்டுக்கு வந்து சாயங்காலம் வரைக்கும் கை அரிச்சுது. தெனமும் அதுல நிக்கற அக்காங்க காலெல்லாம் வெடிச்சு கெடக்கு, வெரல் இடுக்குல புண்ணு, தேங்காண்ணெய் தடவிட்டு மறுநாள் திரும்ப எறங்கறாங்க.

ஆழமும் போச்சு. மாமா சின்ன வயசுல மூங்கில் கழி எட்டாத எடத்துல இப்ப வத்தத்துல படக தள்ளிட்டு போவ வேண்டியிருக்கு. மடவை, கெழங்கா, ஊடான், நண்டு, எறான்னு சாப்பாட்டுக்கும் விக்கறதுக்கும் கெடச்ச ஆறு. இப்ப புதுசா காக்கா ஆழின்னு ஒண்ணு வந்து அடிமண்ண போர்வை மாதிரி மூடுது, தென் அமெரிக்கா பக்கத்து சிப்பி, கப்பல்ங்க எடைக்கு ஏத்திட்டு வந்து எறக்கற தண்ணில வந்திருக்கும்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. அதுவும் துறைமுகத்தோட வந்த வினைதான். அந்த துறைமுகமே முதல்ல நிலக்கரி எறக்கத்தான் 2001ல தொறந்தாங்கங்கறத மறந்துடாதீங்க.

சுடுதண்ணி விஷயம் வெளிய நெறய பேருக்கு தெரியாது. பிளான்ட்டுல நீராவிய திரும்ப தண்ணியாக்கற கன்டென்சர குளுத்தறதுக்கு கடல் தண்ணிய உள்ள இழுத்து, சூடானத திரும்ப உப்பங்கழில விடறாங்க. வெயில் காலத்துல அந்த வாய்க்கால் ஓரம் கால் வைக்க முடியாது. தண்ணி சூடானா அதுல பிராணவாயு நிக்காது, குஞ்சு மீனு, எறாக் குஞ்சு பொழைக்காது. உப்பங்கழிங்கறதே மீனுங்க குஞ்சு பொரிச்சு வளர்ற எடம், கடல்ல புடிக்கறதுல பாதி இங்க வளந்து போனதுதான்னு எங்க பெரியவங்க சொல்வாங்க. அந்த தொட்டில்ல சுடுதண்ணி ஊத்தினா கடல் தொழிலும்தான் படுத்துக்கும்.

அப்புறம் வெள்ளம். கொசஸ்தலை சின்ன ஆறு இல்ல, பூண்டிய தொறந்தா அவ்வளவு தண்ணியும் மணலி புதுநகர், எடையஞ்சாவடி வழியா எண்ணூர் முகத்துவாரத்துக்குத்தான் வரணும். அந்த வழில உப்பங்கழிய மேடாக்கி, சாம்பலால ரொப்பி, கன்வேயருக்கும் ரோட்டுக்கும் குறுக்க குறுக்க மண்ணு கொட்டி வச்சா தண்ணி எங்க போவும்? வீட்டுக்குள்ள வரும். ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகைலயும் நாங்க பொருள கட்டில் மேல ஏத்தி வைக்கறோம்.

எண்ணெய் கதைய சுருக்கமா சொல்றேன், ஊரே டிவில பாத்ததுதான். 2017 ஜனவரி 28 விடியக்காலைல துறைமுகத்துக்கு வெளிய ரெண்டு கப்பல் மோதுச்சு, பிடபிள்யூ மேப்பிளும் டான் காஞ்சிபுரமும். பாரதியார் நகர் கரைல கறுப்பா தார் மாதிரி எண்ணெய் ஒதுங்குச்சு, அத பசங்களும் தன்னார்வலர்களும் பக்கெட்டுல மோந்து மோந்து எடுத்தாங்க. பெரிய துறைமுகம் இருக்கற ஊரு, எண்ணெய் கப்பல் தெனம் வர்ற ஊரு, ஆனா எண்ணெய் அள்ள பக்கெட்டுதான். சரி, பாடம் கத்துக்கிட்டிருப்பாங்கன்னு பாத்தா 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலி பக்கத்துல இருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியா எங்க ஆத்துக்கே வந்துச்சு. இந்த தடவ வீட்டு செவுத்துல முட்டி உயரத்துக்கு கறுப்புக் கோடு. வலை, படகு, மோட்டார் எல்லாம் போச்சு. கூழைக்கடா பறவைங்க றெக்கைய விரிக்க முடியாம எண்ணெய்ல முழுகி நின்னுச்சுங்க. திரும்பவும் மக்கு, பக்கெட்டு, எங்க ஆளுங்க. குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000 ரூபாய்னு நிவாரணம் குடுத்தாங்க. ஒரு வலை செட்டு விலைய விசாரிச்சுப் பாருங்க, எறா திரும்ப வர எத்தன மாசம் ஆவும்னு விசாரிச்சுப் பாருங்க, அப்புறம் அந்த தொகைய போட்டது எந்த கணக்குலன்னு எனக்கு சொல்லுங்க. நிலக்கரி, பெட்ரோல், டீசல்னு பூமிக்கு அடில இருந்து எடுக்கற எதுவா இருந்தாலும், எடுக்கற எடத்துலயும் எரிக்கற எடத்துலயும் ஏத்தி எறக்கற எடத்துலயும் ஒரு ஊரு இருக்கு. எங்க ஊருல ஏத்தி எறக்கறதும் இருக்கு, சுத்திகரிக்கறதும் இருக்கு, எரிக்கறதும் இருக்கு.

எரிக்கறதுன்னதும் காத்துக்கு வரேன். என் தங்கச்சி பையனுக்கு மூணு வயசுல வீசிங் ஆரம்பிச்சுது. வீட்லயே நெபுலைசர் வாங்கி வச்சிருக்காங்க, எங்க தெருவுல மிக்சி மாதிரி அதுவும் வீட்டுச் சாமான் ஆயிடுச்சு. டாக்டர் எழுதிக் குடுத்த மருந்தோட, முடிஞ்சா வீட்ட மாத்துங்கன்னும் சொன்னாரு. கடலுக்கு போறவங்க வீட்ட எங்க மாத்தறது? இது எந்த கம்பெனி புகையால வந்துச்சுன்னு நான் சொல்ல வரல, என்னால நிரூபிக்கவும் முடியாது, ஆனா இத கண்டுபுடிக்கற பொறுப்பு வீசிங் வந்த புள்ளையோட அம்மாவோடதா, உங்களோடதா?

நிலக்கரி எரிஞ்சா வர்றது கண்ணுக்கு தெரியற சாம்பல் மட்டும் இல்ல. கந்தக டை ஆக்சைடு வருது, நைட்ரஜன் ஆக்சைடு வருது, கொஞ்சம் பாதரசமும் வருது. கந்தக வாயு காத்துல கலந்து கொஞ்ச நேரத்துல பொடிப்பொடி துகளா மாறிடும், அந்த பிஎம் 2.5ங்கறது மூக்கு முடில நிக்காது, நேரா நுரையீரல் அடிக்கு போய் ரத்தத்துலயும் கலக்கும். இத தடுக்க வழி இல்லாம இல்ல. எஃப்ஜிடின்னு ஒரு கருவி வச்சு சுண்ணாம்புக்கல் கரைசல புகைமேல அடிச்சா கந்தகம் அதுல புடிச்சுக்கும், மிச்சம் ஜிப்சமா வரும், அதையும் விக்கலாம். 2015 டிசம்பர்ல மத்திய அரசு புது வரம்பு போட்டு ரெண்டு வருஷத்துல எல்லா பிளான்ட்டும் இதுக்கு மாறணும்னு சொல்லுச்சு. 2017 வந்துச்சு, 2022க்கு தள்ளினாங்க. 2022 வந்துச்சு, மறுபடியும் தள்ளினாங்க. 2025 ஜூலைல நாட்டுல இருக்கற பெரும்பாலான யூனிட்டுக்கு எஃப்ஜிடியே தேவையில்லன்னு சொல்லிட்டாங்க. பத்து லட்சம் பேருக்கு மேல இருக்கற நகரத்துல இருந்து 10 கிலோமீட்டருக்குள்ள இருக்கற பிளான்ட்டுங்களுக்கு 2027 கடைசி வரைக்கும் கெடு. சென்னை எத்தன லட்சம் பேர் இருக்கற ஊருன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. எங்களுக்கு வேண்டியது, இங்க இருக்கற ஒவ்வொரு யூனிட்டுக்கும் எந்த தேதில எஃப்ஜிடி ஓட ஆரம்பிக்கும்னு ஒரு காயிதம்.

சாம்பலுக்கும் சட்டம் இருக்கு. 1999லயே முதல் அறிவிக்கை வந்துடுச்சு, சாம்பல பயன்படுத்தணும், கொட்டக்கூடாதுன்னு. 2021 டிசம்பர் 31ல வந்தது இன்னும் கண்டிப்பா சொல்லுது: வர்ற சாம்பல நூத்துக்கு நூறு பயன்படுத்தணும், பழைய ஏரில கெடக்கறதையும் 10 வருஷத்துக்குள்ள காலி பண்ணணும், தவறினா டன்னுக்கு 1,000 ரூபாய் அபராதம். 2022 ஜூலைல தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தோட தென் மண்டல அமர்வும் எண்ணூர் சாம்பல் கேஸ்ல மின் கழகத்த பொறுப்பாக்கி, ஆத்தையும் உப்பங்கழியையும் சரிபண்ணணும்னு தீர்ப்பு குடுத்துச்சு. சட்டம் இருக்கு, தீர்ப்பு இருக்கு. அப்படி இருந்தும் செப்பாக்கம்னு ஒரு கிராமம் சாம்பல் ஏரிய ஒட்டியே இருக்கு, போய் பாருங்க, வெயில் காலத்துல காத்தடிச்சா சோத்துத் தட்ட மூடி வச்சுக்கிட்டு சாப்புடறாங்க. எங்கள வேற எடத்துக்கு மாத்துங்கன்னு அவங்க கேட்டு கேட்டு ஓஞ்சு போயிருக்காங்க. அடுப்பு நம்ம வீட்ல, சாம்பல் மட்டும் பக்கத்து வீட்டு கெணத்துலன்னா எந்த ஊர் பஞ்சாயத்தும் ஒத்துக்காது. அதே காரியம் மெகாவாட் கணக்குல நடந்தா மட்டும் வளர்ச்சின்னு எழுதறோம்.

நீங்க என்ன பதில் சொல்வீங்கன்னு தெரியும், அதையும் பேசிடலாம். கரண்ட்டு வேணும்ல, கரண்ட்டு இல்லாம இருக்க முடியுமா. முடியாது. 2024 மே மாசம் தமிழ்நாட்டுத் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டிடுச்சு, எங்க வீட்லயும் ஃபேன் ஓடுச்சு, நெபுலைசரும் கரண்ட்டுலதான் ஓடுது. இருக்கற எல்லா யூனிட்டையும் நாளைக்கே மூடுங்கன்னு நான் கேக்கல. 2012 பக்கத்துல பத்து பன்னெண்டு மணி நேரம் கரண்ட்டு போனப்ப நாங்களும் விசிறிய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம், ஐஸ் கெடச்சாதான் மீன் நிக்கும்ங்கறது எங்களுக்கு தெரியாதா. ஆனா "கரண்ட்டு வேணும்"ங்கறதுக்கும் "எண்ணூர்ல இன்னொரு நிலக்கரி யூனிட் வேணும்"ங்கறதுக்கும் நடுவுல நெறய தூரம் இருக்கு.

தமிழ்நாட்டுல காத்தாலைங்க மட்டும் 10,000 மெகாவாட்டுக்கு மேல இருக்கு. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போனா ஆனி ஆடில அது சுத்தற சத்தமே தனி. சூரிய ஒளி மின்சாரமும் வருஷா வருஷம் ஏறிட்டு இருக்கு, கமுதில 648 மெகாவாட் 2016லயே வந்துடுச்சு. காத்து சீசன்ல சில நேரம் வர்ற கரண்ட்ட எடுத்துக்க முடியாம ஆலைய நிறுத்தச் சொல்றாங்கன்னு காத்தாலைக்காரங்க பல வருஷமா பொலம்பறாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வெயில் இருக்காது, அப்பதான் எல்லா வீட்லயும் லைட்டு, டிவி, ஏசின்னு தேவை ஏறும், அந்த நேரத்துக்குத்தான் நிலக்கரின்னு சொல்வீங்க. நியாயமான கேள்வி. அதுக்கு பதில் சேமிக்கறதுல இருக்கு. கடம்பாறைல 400 மெகாவாட் நீரேற்று நிலையம் 1980கள்லயே கட்டினோம், மிச்சக் கரண்ட்டுல தண்ணிய மேல ஏத்தி வச்சு வேணுங்கறப்ப எறக்கி கரண்ட்டு எடுக்கறது. குந்தால 500 மெகாவாட்டுக்கு அதே மாதிரி வேலை நடந்துட்டு இருக்கு. முப்பது நாப்பது வருஷம் முன்னாடியே நம்ம இன்ஜினியருங்களுக்கு தெரிஞ்ச வித்தை இது. அத முடிக்கறதுல காட்டற வேகம் ஏன் இவ்வளவு கம்மியா இருக்கு, எண்ணூர் யூனிட்டுக்கு மட்டும் எப்படி இவ்வளவு அவசரம் வருது?

ஒரு யோசனையும் சொல்றேன், நான் இன்ஜினியர் இல்ல, தப்பா இருந்தா திருத்துங்க, ஆனா படிச்சவங்க ஒருத்தராவது பரிசீலிக்கணும். மூடின எண்ணூர் நிலையத்து எடம் சும்மா இருக்கு. அங்க ஏற்கனவே ஹை டென்ஷன் லைன் வந்து சேர்ற வசதி இருக்கு, ரோடு இருக்கு, அரசு நிலம். அந்த எடத்துல 660 மெகாவாட் பாய்லருக்கு பதிலா பெரிய பேட்டரி சேமிப்பு வைக்க முடியுமான்னு பாருங்க. பகல்ல சோலார் கரண்ட்ட வாங்கி வச்சு ராத்திரி நகரத்துக்கு குடுக்கலாம். புகை கெடையாது, சாம்பல் கெடையாது, சுடுதண்ணி கெடையாது. சென்னை நகரத்துக்கு இவ்வளவு பக்கத்துல அப்படி ஒரு எடம் வேற எங்கயும் சுலபமா கெடைக்காது.

வேலை போயிடும்னு ஒரு பேச்சு வரும். எங்க தெரு பசங்க நெறய பேர் பிளான்ட்டுல கான்ட்ராக்ட்ல வேலை பாக்கறாங்க, சாம்பல் வாரறது, கன்வேயர் அடில சுத்தம் பண்றது, ஷட்டவுன் சமயத்துல பாய்லருக்குள்ள எறங்கறது. பர்மனென்ட் ஆனவங்கள விரல் விட்டு எண்ணிடலாம். நிலம் குடுத்தவங்க, ஆறு குடுத்தவங்க புள்ளைங்களுக்கு கெடச்சது பெரும்பாலும் தினக்கூலி. அதையும் நான் சின்னதா நெனைக்கல, அந்த கூலில அடுப்பெரியற வீடு இருக்கு. அதனாலதான் சாம்பல் அள்ளற வேலைய முதல்ல ஆரம்பிங்கன்னு சொல்றேன். ஆறு முழுக்க கெடக்கற சாம்பல அள்ள, முகத்துவாரத்த தூர் வார, அலையாத்திச் செடி நட வருஷக்கணக்குக்கு வேலை இருக்கு. எந்த எடத்துல எவ்வளவு ஆழம் இருந்துச்சு, எங்க சேறு, எங்க மணல், எந்த காலத்துல குஞ்சு வரும், அந்த சமயத்துல எங்க மெஷின எறக்கக்கூடாதுன்னு எங்க மீனவருங்களுக்குத்தான் தெரியும். அவங்கள கூட வச்சுக்கிட்டு, தெனக்கூலி இல்லாம மாசச் சம்பளம் குடுத்து செய்ங்க.

இந்த 660க்கு ஆவற செலவு பல ஆயிரம் கோடி. அத போட்டு கட்டினா குறைஞ்சது 25 வருஷம் ஓட்டியே ஆவணும், கடன் அடையணும்ல. அதாவது என் தங்கச்சி பையன் முப்பது வயசு ஆவற வரைக்கும். அதுக்குள்ள சூரிய கரண்ட்டு, பேட்டரி விலையெல்லாம் இன்னும் எறங்கும், நிலக்கரி விலையும் கப்பல் வாடகையும் ஏறும், ஒடிசாவுல தால்ச்சர்ல தோண்டி பாரதீப்ல கப்பல்ல ஏத்தி இங்க கொண்டாந்து எறக்கற கரி அது, தோண்டத் தோண்ட ஒரு நாள் தீரப்போற பொருள். புயலும் கடல் மட்டமும் எந்தப் பக்கம் போவுதுன்னு கரைல இருக்கற எங்களுக்கு நல்லாவே தெரியுது. கணக்கு பாக்கறவளா சொல்றேன், இது தேறாத முதலீடு.

எங்களுக்கு வேண்டியதெல்லாம் இதுதான். பழைய எண்ணூர் நிலைய வளாகத்துல வர இருக்கற 660 மெகாவாட் திட்டத்த கைவிட்டோம்னு அரசாணைல சொல்லுங்க, வாய்ல வேணாம். ஓடிட்டு இருக்கற ஒவ்வொரு பிளான்ட் வாசல்லயும் அத்திப்பட்டு, எண்ணூர், எர்ணாவூர்ல ஜனங்க பாக்கற எடத்துலயும் தமிழ்ல போர்டு வைங்க: நேத்து எவ்வளவு கரி எரிஞ்சுது, எவ்வளவு சாம்பல் வந்துச்சு, எங்க போச்சு, காத்துல துகள் எவ்வளவு, கந்தகம் எவ்வளவு. சாம்பல் பைப்ப தெனமும் நடந்து பாக்க ஊர் ஆளுங்க இருக்கற ஒரு குழு போடுங்க, ஓட்டை விழுந்தா அன்னிக்கே யூனிட்ட நிறுத்தற அதிகாரத்தோட. செப்பாக்கத்து ஜனங்கள அவங்க கேக்கற எடத்துக்கு, தொழிலுக்கு பக்கமா, மாத்துங்க. காசிமேட்டுல இருந்து பழவேற்காடு வரைக்கும் புள்ளைங்க நுரையீரல், தோல் வியாதி, பாதரசம் எல்லாம் சேத்து ஒரு முழு மருத்துவக் கணக்கெடுப்பு எடுங்க, ரிப்போர்ட்ட மூடி வைக்காம ஊர்ல படிச்சுக் காட்டுங்க. அப்புறம் கடலோரத்துல எங்க கட்டடம் வரக்கூடாதுன்னு காட்டற 1996 கடற்கரை மண்டல மேப்புல இருக்கற உப்பங்கழி முழுசும் உப்பங்கழியாவே இருக்கணும், அதுல இனி ஒரு கூடை மண்ணு விழக்கூடாது.

அடுத்த கருத்துக் கேட்புக் கூட்டம் எந்த திட்டத்துக்கு நடந்தாலும், அறிக்கைய சுருக்கம் மட்டும் இல்லாம முழுசா தமிழ்ல ஒரு மாசம் முன்னாடியே குடுங்க. கூட்டத்த மீனவர் தொழிலுக்கு போற நேரத்துல வைக்காதீங்க. நாங்க பேசினத எழுதிட்டுப் போற அதிகாரிங்க, ஒவ்வொரு கேள்விக்கும் என்ன பதில்னு எழுத்துல திருப்பித் தரணும். இந்த மடலுக்கும் அப்படியே ஒரு பதில் வேணும், அந்த 660 வருதா இல்லையான்னு ஒத்த வரில இருந்தாலும் சரி, தேதி போட்டு, பொறுப்பான ஒருத்தர் கையெழுத்தோட.